வாட்டர்லூ வட்டார இலகு ரயில்: ஒரு நடுத்தர நகர்ப்பகுதி தண்டவாளத்துக்குத் திரும்பிய வரலாறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் வாட்டர்லூ வட்டாரம் அமைந்துள்ளது. இங்கு 2019ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று இலகு ரயில் சேவை தொடங்கியது. 'ஐயான்' என்று பெயரிடப்பட்ட இச்சேவையின் முதல் கட்டம் வாட்டர்லூ, கிச்சினர் ஆகிய இரு நகரங்களை 19 கிலோமீட்டர் நீளத் தடத்தால் இணைக்கிறது. மூன்றாவது நகரமான கேம்பிரிட்ஜுக்குத் தண்டவாளம் இன்னும் போய்ச் சேரவில்லை.

பெருநகரங்கள் பெரும்பாலும் தாங்கமுடியாத நெரிசலைக் குறைக்கவே ரயில் அமைக்கின்றன. வாட்டர்லூ வட்டாரத்தில் அத்தகைய நெரிசல் இருக்கவில்லை. அடுத்த தலைமுறை எங்கே குடியிருக்க வேண்டும், எந்த நிலம் வயலாகவே நீடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் கருவியாக ரயில் இங்கே கொண்டுவரப்பட்டது. அந்த முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, அதனால் யார் பயனடைந்தனர், யார் காத்திருக்க நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலகு ரயில் என்றால் என்ன?

இலகு ரயில் என்பது டிராமுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் இடைப்பட்ட போக்குவரத்து முறை. இலங்கை வழக்கில் இதனை இலகு தொடருந்து என்பர். மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று, பெரும்பாலும் தரைமட்டத்திலேயே ஓடும். தேவைப்படும் இடங்களில் சாலையின் நடுவே, சிக்னல்களுக்குக் கட்டுப்பட்டும் செல்லும். சுரங்கப்பாதைகளும் நீண்ட மேம்பாலங்களும் குறைவாகவே தேவைப்படுவதால் மெட்ரோவைவிடச் செலவு குறைவு. பெரும்பகுதி தனித்தடத்தில் ஓடுவதால் பழைய டிராமைவிட விரைவானது.

1970களில்தான் இந்தப் பெயர் வட அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. அக்கண்டத்தின் நவீன இலகு ரயில் வரலாறு 1978இல் கனடாவின் எட்மண்டன் நகரில் தொடங்கியது. 1981இல் கால்கரியும் அமெரிக்காவின் சான் டியேகோவும் அதைத் தொடர்ந்தன. இவற்றோடு ஒப்பிட்டால் வாட்டர்லூ வட்டாரம் சிறியது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 4,38,515 மட்டுமே.

மூன்று நகரங்கள், ஒரு வட்டாரம்

கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் பரந்த நிலப்பகுதி 1784இல் ஹால்டிமண்ட் அறிவிப்பின் மூலம் ஆறு பழங்குடி இனங்களின் கூட்டமைப்புக்கு அளிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மென்னோனைட் கிறித்தவர்கள் குடியேறினர். பின்னர் ஜெர்மானியக் கைவினைஞர்களும் வந்து சேர்ந்தனர். இவ்வட்டாரத்தின் பெரிய நகரான கிச்சினர், 1916 வரை பெர்லின் என்றே அழைக்கப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் எழுந்த ஜெர்மானிய எதிர்ப்பால் அதன் பெயர் மாற்றப்பட்டது.

1973இல் வாட்டர்லூ வட்டார நகராட்சி உருவாக்கப்பட்டது. கிச்சினர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று நகரங்களும் நான்கு ஊரகப் பகுதிகளும் அதில் அடங்கின. கால்ட், பிரெஸ்டன், ஹெஸ்பெலர் என்னும் பழைய ஊர்களை அதே ஆண்டில் இணைத்து உருவாக்கப்பட்டதே கேம்பிரிட்ஜ். கிச்சினரும் வாட்டர்லூவும் எல்லை தெரியாத அளவுக்கு ஒட்டிப் பிறந்தவை. கேம்பிரிட்ஜ் அவற்றிலிருந்து ஆற்றாலும் 401ஆம் எண் நெடுஞ்சாலையாலும் பிரிந்து தெற்கே கிடக்கிறது. பிற்காலத்தில் ரயில் தடம் எங்கே நிற்பது என்ற சச்சரவுக்கு இந்த அமைப்பே வேராக இருந்தது.

பழைய தண்டவாளங்கள்

இவ்வட்டாரத்துக்குத் தண்டவாளப் பயணம் புதியதல்ல. 1880களின் இறுதியில் பெர்லினுக்கும் வாட்டர்லூவுக்கும் இடையே குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1895இல் அவை மின்மயமாயின. 1946இன் இறுதியில் டிராம் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் மின்கம்பிப் பேருந்துகள் ஓடின. அவையும் 1973இல் முடிவுக்கு வந்தன.

தெற்கே கால்ட், பிரெஸ்டன் ஊர்களுக்கிடையே 1894இல் ஒரு மின்ரயில் தொடங்கியது. பின்னர் அது ஹெஸ்பெலருக்கும் கிச்சினருக்கும் நீண்டு, கிராண்ட் ரிவர் ரயில்வே என்ற பெயரில் இயங்கியது. இன்றைய கேம்பிரிட்ஜின் மூன்று ஊர்களிலிருந்தும் மக்கள் மின்ரயிலேறி கிச்சினருக்கு வந்து போன காலம் அது. 1955இல் இதன் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. இன்று கேம்பிரிட்ஜ் மக்கள் கேட்டுக்கொண்டிருப்பது, அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த வசதியைத்தான்.

கார்களின் காலமும் வயல்களின் கவலையும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வட்டாரம் வெளிநோக்கி விரிந்தது. தனி வீடுகள் கொண்ட குடியிருப்புகள் வயல்களை விழுங்கின. அங்காடி வளாகங்கள் நகரின் விளிம்புக்கு நகர்ந்தன. தோல் பதனிடும் தொழிற்சாலைகள், ரப்பர் தொழிற்சாலைகள் போன்றவை மூடப்பட, கிச்சினரின் மையப்பகுதி பொலிவிழந்தது.

இந்த விரிவாக்கம் இரண்டு காரணங்களால் கவலையளித்தது. முதலாவது, குடிநீர். வட்டாரத்தின் குடிநீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. நகருக்கு மேற்கேயுள்ள மணலும் சரளையும் கலந்த மேட்டுநிலத்தில் பெய்யும் மழைதான் அந்த ஊற்றுகளை நிரப்புகிறது. அந்த மேடு கான்கிரீட்டால் மூடப்பட்டால் ஊற்று வற்றும். இரண்டாவது, வேளாண்மை. வட்டாரத்தின் வடபகுதியில் பழைய முறை மென்னோனைட் குடும்பங்கள் இன்றும் குதிரை வண்டியில் சென்று பயிர் செய்கின்றனர். வீட்டுமனைகள் நெருங்கி வந்தால் அந்த வாழ்க்கைமுறைக்கும் இடமிருக்காது.

2003இல் வட்டார மன்றம் வளர்ச்சி மேலாண்மைக் கொள்கை ஒன்றை ஏற்றது. வயல்களுக்குள் நகரம் புகாதபடி ஓர் எல்லை வகுப்பது, ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதிக்குள் மக்களை நெருக்கமாகக் குடியமர்த்துவது, அதற்கு முதுகெலும்பாக ஒரு விரைவுப் போக்குவரத்துத் தடத்தை அமைப்பது ஆகியவை அதன் சாரம். 2006இல் ஒன்டாரியோ மாகாண அரசு வெளியிட்ட வளர்ச்சித் திட்டமும் இதே திசையில் சென்றது. 2031இல் இவ்வட்டாரத்தில் 7,29,000 பேர் வசிப்பார்கள் என்று அது கணித்தது.

எல்லையை வகுத்தது எளிதில் நிலைபெறவில்லை. நில மேம்பாட்டு நிறுவனங்கள் முறையீடு செய்தன. 2013இல் மாகாணத் தீர்ப்பாயம், வட்டாரம் தேவை என்று கணக்கிட்டதைப் போலப் பல மடங்கு நிலத்தை வீட்டுமனைகளுக்குத் திறக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நீண்ட பேச்சுக்குப் பின்னரே சமரசம் ஏற்பட்டது. ரயிலுக்கான வழக்காடலும் வயலுக்கான வழக்காடலும் ஒரே காலத்தில் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது என்பதே வட்டாரத்தின் வாதமாக இருந்தது.

பேருந்தில் தொடங்கிய முன்னோட்டம்

2000ஆம் ஆண்டில் கிச்சினர், கேம்பிரிட்ஜ் நகரங்களின் பேருந்து நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு கிராண்ட் ரிவர் டிரான்சிட் உருவானது. 2005இல் அந்நிறுவனம் ஒரு விரைவுப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. வடக்கே வாட்டர்லூவின் கானெஸ்டோகா அங்காடி வளாகத்திலிருந்து தெற்கே கேம்பிரிட்ஜின் மையம் வரை, குறைந்த நிறுத்தங்களோடு அது ஓடியது. பிற்காலத்தில் ரயில் செல்ல வேண்டிய பாதை ஏறத்தாழ இதுதான். பயணிகள் வருகிறார்களா என்று முதலில் பேருந்தில் சோதித்துவிட்டு, பிறகு தண்டவாளம் போடுவது என்ற இந்த முறை பல நடுத்தர நகரங்களுக்கு ஏற்றது. பல்கலைக்கழக மாணவர்கள் இச்சேவையைப் பெருமளவில் பயன்படுத்தினர்.

மன்றத்தில் நடந்த விவாதம்

2009ஆம் ஆண்டு ஜூனில் வட்டார மன்றம் இரு கட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கானெஸ்டோகாவிலிருந்து கிச்சினரின் ஃபேர்வே வரை முதலில் ரயில். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் வரை தற்காலிகமாக விரைவுப் பேருந்து. பின்னர் அதுவும் ரயிலாகும். அடுத்த ஆண்டு மாகாண அரசு 30 கோடி டாலரும் கனடாவின் கூட்டரசு 26.5 கோடி டாலரும் தருவதாக அறிவித்தன. மொத்த மதிப்பீடு 81.8 கோடி டாலர். மீதி 25.3 கோடியை வட்டாரமே தன் வரி வருவாயிலிருந்து தர வேண்டும்.

2010 உள்ளாட்சித் தேர்தலில் இதுவே முக்கியப் பிரச்சினையானது. எதிர்ப்பாளர்களின் வாதங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஐந்து லட்சம் பேர் வாழும் இடத்துக்கு ரயில் அளவுக்கு மீறியது என்றனர். விரைவுப் பேருந்து குறைந்த செலவில் கிடைக்கும் என்றனர். கேம்பிரிட்ஜின் மேயர் டக் கிரெய்க், தம் நகருக்கு வராத ரயிலுக்குத் தம் மக்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார்.

ஆதரவாளர்கள் வேறொரு கணக்கைச் சொன்னார்கள். பேருந்துத் தடத்தை இன்று போட்டு நாளை எடுத்துவிடலாம்; தண்டவாளத்தை அப்படி எடுக்க முடியாது. அந்த நிலைத்தன்மையை நம்பித்தான் ஒருவர் அதன் அருகில் பத்து மாடிக் கட்டடம் எழுப்புவார். புதிய மக்கள்தொகைக்கு ஏற்பச் சாலைகளை அகலப்படுத்தினால், இடிக்க வேண்டிய வீடுகளின் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களின் வாதம்.

1985 முதல் 2018 வரை வட்டார மன்றத்தின் தலைவராக இருந்த கென் சீலிங் இத்திட்டத்தின் உறுதியான ஆதரவாளர். 2011ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று மன்றம் பெரும்பான்மை வாக்குகளால் திட்டத்தை உறுதிசெய்தது. சொத்துவரியை ஒரே ஆண்டில் ஏற்றாமல் சில ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தவும் முடிவாயிற்று.

தடத்தின் அமைப்பு

ஐயான் தடத்தில் 19 நிறுத்தங்கள் உள்ளன. வாட்டர்லூ, கிச்சினர் ஆகிய இரு நகர மையங்களிலும் போகும் தண்டவாளம் ஒரு தெருவிலும் வரும் தண்டவாளம் இன்னொரு தெருவிலும் செல்கின்றன. ஆகவே சில நிறுத்தங்கள் ஒரு திசைக்கு மட்டுமே உரியவை. வண்டிகள் தாழ்தளம் கொண்டவை. மேடையிலிருந்து படியேறாமல் உள்ளே செல்லலாம் என்பதால் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் குழந்தை வண்டி தள்ளி வருவோருக்கும் எளிது.

செலவைக் குறைக்க ஏற்கெனவே இருந்த ரயில் நிலங்கள் பயன்படுத்தப்பட்டன. வாட்டர்லூவில் பல்கலைக்கழகத்தை ஒட்டிச் செல்லும் பழைய கிளைப்பாதை அவற்றில் முக்கியமானது. அதில் எல்மைரா என்னும் ஊரின் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ரயிலும் செல்ல வேண்டியிருந்தது. கனமான சரக்கு ரயிலோடு மோதினால் இலகு ரயில் தாங்காது. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்று விதிக்கப்பட்டது. பயணிகள் சேவை முடிந்த பின் இரவில் மட்டுமே சரக்கு ரயில் வருகிறது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. சரக்குப் பெட்டிகள் இலகு ரயிலைவிட அகலமானவை. நிறுத்த மேடையில் அவை உரசும். இதற்காக அந்த இடங்களில் இரு சோடித் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லுமாறு பதிக்கப்பட்டன. சரக்கு ரயில் மேடைக்கு வரும்போது சற்றே விலகிய சோடியில் ஏறிக் கடந்துவிடும். பழைய தொழிற்சாலைக் காலத்தையும் புதிய பல்கலைக்கழகக் காலத்தையும் ஒரே பாதையில் ஓடவைத்த எளிய ஏற்பாடு இது.

கட்டுமானமும் பூமிக்கடியில் ஒரு சாலையும்

2014இல் கிராண்ட்லிங்க் என்னும் நிறுவனக் கூட்டமைப்பிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. வடிவமைப்பு, கட்டுமானம், நிதியின் ஒரு பகுதி, இயக்கம், பராமரிப்பு அனைத்தும் ஒரே ஒப்பந்தத்தில் அடங்கின. அதே ஆண்டில் வேலை தொடங்கியது. தண்டவாளம் போடுவதற்கு முன் தெருவின் அடியிலிருந்த குடிநீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்களை மாற்ற வேண்டியிருந்தது. இலகு ரயில் கட்டுமானத்தில் கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி இந்த வேலைதான். கிங் தெருவின் சில பகுதிகள் பல மாதங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த கடைக்காரர்கள் வாடிக்கையாளரின்றித் தவித்தனர்.

2016இல் வாட்டர்லூவின் மையத்தில் கிங் தெருவைத் தோண்டியபோது, மரக்கட்டைகளை அடுக்கி அமைத்த பழஞ்சாலை ஒன்று வெளிப்பட்டது. சதுப்பு நிலத்தில் மாட்டு வண்டிகள் புதையாமல் செல்ல முதல் குடியேறிகள் அமைத்த சாலை அது. ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையானது. தொல்லியலாளர்கள் அதனை ஆவணப்படுத்தும் வரை வேலை நின்றது.

தண்டவாளங்கள் 2017இல் பெரும்பாலும் ஆயத்தமாகிவிட்டன. ஓட வேண்டிய வண்டிகள் வரவில்லை. பொம்பார்டியே நிறுவனத்திடம் 14 வண்டிகள் கேட்கப்பட்டிருந்தன. டொராண்டோ பகுதிக்கான பெரிய கொள்முதலோடு சேர்ந்து வாங்கியதால் விலை குறைந்தது. ஆனால் அந்தப் பெரிய கொள்முதலின் தாமதங்களும் கூடவே வந்தன. முதல் வண்டி 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது. 2017இல் தொடங்க வேண்டிய சேவை 2018க்கும், பின் 2019க்கும் தள்ளிப்போனது. யாரும் ஏறாத நிறுத்தங்களையும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டே மக்கள் கார் ஓட்டிச் சென்றனர். இறுதிச் செலவு 86.8 கோடி டாலராயிற்று.

சேவையின் தொடக்கம்

2019 ஜூன் 21 அன்று சேவை தொடங்கியபோது முதல் சில நாள்கள் பயணம் இலவசமாக்கப்பட்டது. ஆனால் ரயிலைவிடப் பெரிய மாற்றம் பேருந்துகளில் நிகழ்ந்தது. அதுவரை பேருந்துகள் கிச்சினரின் சார்லஸ் தெரு முனையத்தில் கூடிப் பிரிந்தன. ரயில் தொடங்கிய சில நாள்களில் அந்த முனையம் மூடப்பட்டது. பேருந்து வழித்தடங்கள் ரயில் நிறுத்தங்களைக் குறுக்காகக் கடக்குமாறு திருத்தி அமைக்கப்பட்டன. கட்டணமும் ஒன்றே, பேருந்தில் பெற்ற சீட்டில் ரயிலேறலாம். ஒரே ஒரு ரயில் தடம் ஒரு வட்டாரம் முழுவதற்கும் பயன்பட வேண்டுமானால் இந்த இணைப்பு தேவை. நேரடிப் பேருந்தை இழந்து, இடையில் மாறி ஏற வேண்டியவர்களுக்கு இம்மாற்றம் சிரமமாகவும் அமைந்தது.

ஒன்பது மாதங்களில் கொரோனா பெருந்தொற்று வந்தது. பல்கலைக்கழகங்கள் இணைய வகுப்புகளுக்கு மாறின; அலுவலகங்கள் மூடின. தொடக்கத்தில் கிடைத்த பயணிகள் மறைந்தனர். வகுப்புகள் மீண்டும் திறந்த பிறகே கூட்டம் திரும்பியது.

தடத்தையொட்டி எழுந்த நகரம்

ரயில் தடம் எந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டதோ, அது வண்டி ஓடுவதற்கு முன்பே நிறைவேறத் தொடங்கியிருந்தது. கிச்சினரின் பழைய தோல் பதனிடும் ஆலை தொழில்நுட்ப நிறுவனங்களின் கூடமாயிற்று. பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் கூகுள் நிறுவனம் அலுவலகம் அமைத்தது. கார் நிறுத்துமிடங்களாகக் கிடந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2021 கணக்கெடுப்பில் வட்டாரத்தின் மக்கள்தொகை 5,87,165 ஆக உயர்ந்திருந்தது. புதியவர்களில் ஒரு பகுதியினர் வயல்களுக்குப் பதிலாக நகர மையத்தில் குடியேறினர்.

இந்த வெற்றிக்கே ஒரு விலை இருந்தது. கிச்சினரின் மையம் பொலிவிழந்திருந்த காலத்தில் அங்கே வாடகை குறைவு. வருமானம் குறைந்தவர்களும் காரில்லாதவர்களும் அங்கேயே வாழ்ந்தனர். நிலமதிப்பு ஏறியதும் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, வாடகை உயர்ந்தது. ரயில் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அதன் அருகில் வாழ முடியாமல் போவதை வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ரயில் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டுகளில் ஒன்டாரியோ முழுவதும் வீட்டுவிலை ஏறியது. எனினும் தடத்தைத் திட்டமிட்ட அளவுக்கு, அதன் அருகே மலிவு வீடுகளைத் திட்டமிடவில்லை என்பது உண்மை.

கிச்சினரின் விக்டோரியா தெருவில், போக்குவரத்து மையத்துக்கான இடத்தின் அருகே வட்டாரத்துக்குச் சொந்தமான காலிமனையில் வீடற்றோர் கூடாரமிட்டனர். அவர்களை வெளியேற்ற வட்டாரம் நீதிமன்றம் சென்றது. போதிய தங்குமிடம் இல்லாத நிலையில் அவர்களை அப்புறப்படுத்த முடியாது என்று 2023 ஜனவரியில் ஒன்டாரியோ உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடா முழுவதும் பேசப்பட்ட தீர்ப்பு அது.

கேம்பிரிட்ஜின் காத்திருப்பு

ஃபேர்வேயிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு 2015 முதல் ஐயான் பெயரிலேயே விரைவுப் பேருந்து ஓடுகிறது. பெயர் ஒன்று, அனுபவம் வேறு. பேருந்து நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும்; ரயில் மாட்டிக்கொள்வதில்லை.

இரண்டாம் கட்டத் தடம் முதல் கட்டத்தைவிடக் கடினமானது. கிராண்ட் ஆறு, ஸ்பீடு ஆறு, 401ஆம் எண் நெடுஞ்சாலை ஆகிய மூன்றையும் அது கடக்க வேண்டும். பழைய ரயில் நிலங்கள் முதல் கட்டத்துக்கு உதவிய அளவுக்கு இங்கே உதவவில்லை. பிரெஸ்டன் பகுதியில் வீடுகள் இடிபடும் என்று எதிர்ப்பு எழுந்ததால் மாற்றுவழிகள் ஆராயப்பட்டன. முதல் கட்டம் தொடங்கிய 2019ஆம் ஆண்டிலேயே இரண்டாம் கட்டத்தின் பாதைக்கு மன்றம் ஒப்புதல் தந்தது. ஆனால் அதன்பின் கட்டுமானச் செலவு கடுமையாக ஏறியது. புதிய மதிப்பீடுகள் முதல் கட்டச் செலவைப் போலப் பல மடங்காயின. மாகாண, கூட்டரசு உதவியின்றி இதை வட்டாரம் தாங்க முடியாது.

2009இல் கட்டங்களாகப் பிரித்த முடிவு நியாயமானதுதான். பயணிகள் மிகுந்த பகுதியில் தொடங்குவது எந்தத் திட்டத்துக்கும் பொதுவிதி. ஆனால் கட்டம் பிரிக்கும்போது முதலில் பெறுபவரும் பின்னர் பெறுபவரும் ஒரே விலையைக் கொடுப்பதில்லை. காலம் தாழ்ந்தவருக்கு விலையேற்றம், அரசு மாற்றம், புதிய முன்னுரிமைகள் என்னும் எல்லா அபாயங்களும் சேர்ந்தே வருகின்றன.

மதிப்பீடு

நடுத்தர அளவுள்ள ஒரு வட்டாரம் இலகு ரயிலைத் தாங்குமா என்ற கேள்விக்கு வாட்டர்லூ ஒரு விடை தந்துள்ளது. மூன்று நிலை அரசுகள் செலவைப் பகிர்ந்துகொண்டால், பேருந்தில் முன்னோட்டம் பார்த்திருந்தால், பழைய ரயில் நிலம் கையிலிருந்தால் அது முடியும். நிலப்பயன்பாட்டுக் கொள்கையும் ரயில் திட்டமும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட வேண்டும் என்பது இதன் முதன்மையான பாடம். வயல்களுக்கு எல்லை வகுக்காமல் ரயில் மட்டும் ஓடியிருந்தால், அது வெளிநோக்கி விரியும் நகருக்கு இன்னொரு அலங்காரமாகவே முடிந்திருக்கும்.

அதே கையெழுத்தில் இரண்டு வரிகள் விடுபட்டன. தடத்தின் அருகே ஏற்கெனவே வாழ்ந்த எளியோருக்கு வீட்டுக் காப்பு ஒன்று. இரண்டாம் கட்டத்துக்கான நிதி உறுதி மற்றொன்று. 1955இல் மின்ரயிலின் பயணிகள் சேவை நின்றதிலிருந்து கால்ட், பிரெஸ்டன், ஹெஸ்பெலர் மக்களுக்கு மின்ரயில் வழி இல்லை. கட்டிய வரிக்கு ஈடாக அந்தத் தடம் தங்களுக்கும் வரும் என்ற 2009ஆம் ஆண்டின் வாக்குறுதி இன்னும் நிலுவையில் உள்ளது.